இருபத்தாறு வருஷத்து வாய்ச்சண்டை

இருபத்தாறு கார்னிவலில் என் வீட்டுக்காரர் எவரார்டை ஒரு தடவைகூட ஜெயித்ததில்லை. இதை நான் வாய்விட்டுச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "ரெண்டு தடவை சமம்," என்பார். ஒரு தடவை மழை கொட்டி சனமெல்லாம் ஓடிவிட்டது. இன்னொரு தடவை எவரார்டுக்கு நடுவில் விக்கல் வந்து நிற்கவே இல்லை. அதையெல்லாம் சமத்தில் சேர்த்துக்கொள்கிற மனுஷன் லென்னார்ட்.

இரண்டு பேரும் நள்ளிரவுக் கொள்ளையன் வேஷம் கட்டுகிறவர்கள். பேர்தான் நள்ளிரவு. சண்டை நடப்பது, எங்கள் தீவில் தவக்காலத்துக்கு முன்னால் வருகிற கார்னிவல் திங்கட்கிழமை மத்தியானம், மண்டை பிளக்கிற வெயிலில், பெல்மாண்டில் எங்கள் தெரு முக்கில். மண்டை ஓடு தைத்த கறுப்பு அங்கி, வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தொப்பி, அதன் ஓரமெல்லாம் குஞ்சம், இடுப்பில் மரத் துப்பாக்கி, வாயில் விசில். ஒரு கொள்ளையன் இன்னொருவனை விசில் அடித்து நிறுத்துவான். தான் யாருக்குப் பிறந்தான், எந்த ராஜ்யத்தை எரித்தான், எத்தனை பேரை எப்படிக் கொன்றான் என்று அளப்பான். மற்றவன் அதற்கு மேலே ஒரு படி அளக்க வேண்டும். எவனுக்குப் பேச்சு வற்றுகிறதோ அவன் தொப்பியைக் கழற்றி வழிவிட வேண்டும். நடுவர் என்று யாரும் கிடையாது. முக்கில் நிற்கிற சனத்துக்கே தெரிந்துவிடும்.

லென்னார்ட் அரீமாவுக்கும் டவுனுக்கும் நடுவில் மேக்ஸி வேன் ஓட்டுகிறார். வண்டி ஓட்டிக்கொண்டேதான் பேச்சைத் தயார் பண்ணுவார். "நான் இடியின் மூத்த மகன்!" என்று ஸ்டியரிங்கைக் குத்துவார். பின் சீட்டிலிருந்து யாராவது, "இடியோட மகனே, அந்த மருந்துக்கடை கிட்ட நிறுத்து," என்பார்கள். நிறுத்துவார்.

அந்த வருஷம் பேச்சு எதுவும் தயாராகவில்லை. கூட ஓட்டிக்கொண்டிருந்த ஆள் கிறிஸ்துமஸ் முடிந்ததும் கனடாவுக்குப் போய்விட்டான். அவன் ஓட்ட வேண்டியதையும் சேர்த்து இவரே ஓட்டினார். வீட்டுக்கு வந்தால் தட்டை மடியில் வைத்தபடியே தூங்கிவிடுவார். நான் பக்கத்தில் போய்க் கரண்டியைக் கையிலிருந்து உருவி எடுக்க வேண்டும். எனக்கும் அதே கதைதான். பள்ளிக்கூடச் சமையலறையில் நூற்றெண்பது பிள்ளைகளுக்குச் சோறு. சாயங்காலம் கால் வீங்கிச் செருப்பு கழலாது. அதற்கப்புறம் தொப்பிக்குக் குஞ்சம் தைக்க உட்கார வேண்டும். போன வருஷத்துக் குஞ்சத்தைக் கரையான் தின்றிருந்தது.

"இந்த வருஷம் விட்டுடேன்யா," என்றேன் ஒரு நாள். "ரெண்டு பேருக்குமே உடம்புல தெம்பு இல்ல."

"இதான் கடைசி, யூலாலி."

"போன வருஷமும் இதைத்தான் சொன்ன."

"போன வருஷம் தோத்துட்டுச் சொன்னேன். அப்படி நிறுத்துனா அந்தாளு சாகற வரைக்கும் சிரிப்பான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவன் தொப்பியைக் கழட்டறதை நான் பாக்கணும். அப்புறம் நீயே அந்த அங்கியை எடுத்துத் தரை துடைச்சுக்க."

நான் ஊசியில் நூல் கோத்தேன். தரை துடைக்கிற யோசனை எனக்குப் பிடித்திருந்தது.

எவரார்ட் எங்களைவிடப் பெரியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், எழுபத்தொரு வயது. மேட்டில் இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி மெர்ல் இறந்து நாலு வருஷமாகிறது. மகள் ஜாய்லின்தான் கூட இருக்கிறாள். வருஷம் முழுக்க என் வீட்டுக்காரரைத் தெருவில் பார்த்தால், "என்னடா, தொப்பி நல்லா இருக்கா? பத்திரமா வச்சுக்க, கழட்டி கழட்டி ஓரம் தேஞ்சிருக்கும்," என்பார். இவரும் ஏதாவது சொல்வார், ஆனால் வீட்டுக்கு வந்த பிறகுதான் நல்ல பதில் தோன்றும். குளியலறையில் தனியாகத் திட்டிக்கொண்டிருப்பார்.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு எவரார்டைத் தெருவில் யாரும் பார்க்கவில்லை. கார்னிவலுக்கு முந்தின சனிக்கிழமை சந்தையில் சேம்பு இலை பொறுக்கிக்கொண்டிருந்தேன். யாரோ என் முழங்கையைத் தொட்டார்கள். ஜாய்லின். முடி அலங்காரக் கடை வைத்திருக்கிற பெண், எப்போதும் தலை அவ்வளவு நேர்த்தியாக இருக்கும். அன்றைக்கு ஒரு துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"அத்தை, ஒரு நிமிஷம். மாமாகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லும்மா."

"அப்பாவுக்கு ஞாபகம் சரியில்ல. முதல்ல சின்னச் சின்னதாத்தான் இருந்துச்சு. இப்ப என்னையே சில நேரம் அம்மா பேரைச் சொல்லிக் கூப்பிடறாரு. நேத்து கடைக்குப் போனவரைப் போலீஸ்காரர் ஒருத்தர் கூட்டிட்டு வந்து விட்டாரு. நம்ம தெருவுல நின்னுக்கிட்டே நம்ம தெரு எங்கேன்னு கேட்டிருக்காரு."

"டாக்டர்?" என்றேன்.

"காட்டியாச்சு. மருந்து இருக்கு. ஆனா திரும்பி வராதாம்." அவள் கண் கலங்கவில்லை. கலங்குகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்ட முகம் அது. "திங்கக்கிழமை வேஷம் கட்டணும்னு ஒத்தைக் கால்ல நிக்கறாரு. அங்கியை ஒளிச்சு வச்சேன், கண்டுபிடிச்சுட்டாரு. சாவியைக் காணோம், கண்ணாடியைக் காணோம்னு தேடற மனுஷன், அங்கியை மட்டும் அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டாரு. அத்தை, மாமாவை அந்த முக்குக்கு வரவேணாம்னு சொல்லுங்க. மாமா இல்லேன்னா அப்பா கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாரு. எல்லார் முன்னாடியும் அவரு..." என்று நிறுத்திக்கொண்டாள்.

"சொல்றேன்," என்றேன்.

சொல்லவில்லை.

இதை நான் மூடி மறைக்கப் போவதில்லை. சனிக்கிழமை முழுக்க வாய்ப்பு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்வந்து, கோழி பெலாவ் கிண்டி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. எவரார்ட் திணறினால் என் ஆள் ஜெயிப்பார். ஜெயித்தால் நிறுத்துவார். நிறுத்தினால் எனக்கு அடுத்த வருஷம் தையல் இல்லை. அதைவிட, இருபத்தாறு வருஷமாக முக்கிலிருந்து தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிற மனுஷனை நான் பார்த்துப் பார்த்துச் சலித்திருந்தேன். களைத்துப்போனவளுக்கு நல்லது கெட்டது பார்க்கிற பொறுமை குறைந்துவிடுகிறது. அவ்வளவுதான் என் தரப்பில் சொல்ல இருக்கிறது.

திங்கட்கிழமை விடியலில் சேறு பூசி ஆடியவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் குளிக்கத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தெருவெல்லாம் சேறும் நீலச் சாயமும். லென்னார்ட் முதல் நாள் சாப்பிட்டதும் மறுபடி வண்டி எடுத்து, ராத்திரிதான் கடைசிச் சவாரி முடித்து வந்திருந்தார். கண் சிவந்திருந்தது. அங்கியை மாட்டிவிட்டு, தொப்பியைத் தூக்கித் தலையில் வைத்தேன். கனத்தில் கழுத்து ஒரு தடவை உள்ளே போய் வந்தது.

"பேச்சு தயாரா?" என்றேன்.

"ஒண்ணு இருக்கு. அரீமா ரோட்டுல நெரிசல்ல நின்னப்ப வந்துச்சு. நல்லாத்தான் இருக்கு." கொட்டாவி விட்டார். "மறக்காம இருந்தாச் சரி."

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஜாய்லின் ஞாபகம் வந்தது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முக்கில் நல்ல கூட்டம். ரம் கடைத் திண்டின் மேல் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கடலை வைத்த டபுள்ஸ் ரொட்டி விற்கிற கமலா கடலைப் பாத்திரத்தை மூடியால் மூடிவிட்டு, ஸ்டூல்மேல் ஏறி நின்றாள். அவள் ஒரு வருஷமும் தவறவிட்டதில்லை. மேட்டுப் பக்கத்திலிருந்து விசில் சத்தம் கேட்டது. எவரார்ட் வந்தார்.

தூரத்தில் பார்த்தபோது பழைய எவரார்ட்தான். அதே நடை, அதே அகலத் தோள். கிட்டே வந்த பிறகுதான் அங்கியின் பொத்தான்கள் ஒன்று விட்டு ஒன்று மாறிப் போட்டிருப்பது தெரிந்தது. ஒரு காலில் பூட்ஸ், ஒரு காலில் வீட்டுச் செருப்பு. பின்னால் ஜாய்லின். அவள் கண் என்னைத் தேடிப் பிடித்தது. நான் கமலாவின் கடலைப் பாத்திரத்தைப் பார்த்தேன்.

எவரார்ட் விசிலைத் துப்பினார். கையை நீட்டினார்.

"நில்! மூச்சைப் பிடி! உன் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வை! நான் பிறந்த அன்று ஏழு கடலும் கரையை விட்டு ஏழு மைல் பின்வாங்கின. என்னைக் கையில் ஏந்திய மருத்துவச்சியின் விரல்கள் இன்றும் எரிந்துகொண்டிருக்கின்றன. என் முதல் அழுகையில் மூன்று கோயில் மணிகள் வெடித்து விழுந்தன. என் தகப்பன்..."

குரல் அப்படியேதான் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் மேலிருந்து கீழே கத்திப் பழகிய குரல். திண்டின் மேல் இருந்தவர்கள் தொடையைத் தட்டினார்கள்.

"என் தகப்பன்..." என்றார் மறுபடி. கை நீட்டியபடியே நின்றது. பிறகு, "நில்! மூச்சைப் பிடி! உன் நிழலைச் சுருட்டிக் கக்கத்தில் வை!" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.

ஏதோ புது விளையாட்டு என்று நினைத்துச் சனம் சிரித்தது. ஏழு கடல், மருத்துவச்சி, மூன்று மணி, தகப்பன். நின்றது. மூன்றாவது தடவை, "நில்!"

"யோவ் எவரார்டு, ரெக்கார்டுல கீறல் விழுந்துடுச்சா?" என்று ரம் கடைப் பக்கம் ஒருத்தன் கத்தினான். சிரிப்பு எழுந்தது. எழுந்த வேகத்திலேயே அடங்கியது. எவரார்டின் முகத்தை அவர்களும் பார்த்துவிட்டார்கள். கூட்டத்தில் பிள்ளையைத் தவறவிட்டவன் மாதிரி அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது லென்னார்டின் முறை. பேசினால் போதும். பாதி பேச்சு பேசினால்கூடப் போதும். அவர் தொப்பிக்கு அடியிலிருந்து எவரார்டைப் பார்த்தார். ஜாய்லினைப் பார்த்தார். அப்புறம் திரும்பி என்னைப் பார்த்தார்.

"பேசுய்யா," என்றேன் மெதுவாக. "பேசி முடி."

பெரிய மூச்சு ஒன்று விட்டார். நாளெல்லாம் ஓட்டிவிட்டு வண்டியை அணைக்கும்போது விடுகிற மூச்சு. அப்புறம் மரத் துப்பாக்கியை உருவினார்.

"நிறுத்து, பொய்யனே! உன் தகப்பன் யாரென்று சொல்ல உனக்கு வெட்கமா? மழை வந்து ஊர் ஓடிய வருஷம் இதே மூலையில் நின்று அளந்தாயே, உன் தகப்பன் பூமிக்கு அடியில் பூகம்பங்களுக்குக் கடிவாளம் போடுகிறவன் என்று! நான் விசாரித்துவிட்டேன். அவன் கழுதைக்குக்கூடக் கடிவாளம் போடத் தெரியாதவன்!"

எவரார்ட் கண் சிமிட்டினார். உதடு அசைந்தது.

"கடிவாளம்," என்றார் சாதாரணக் குரலில். அப்புறம் எங்கிருந்தோ அந்தக் கிரேன் குரல் ஏறி வந்தது. "கழுதையா? அற்பப் பதரே! என் தகப்பன் ஒரு விரலால் கடிவாளத்தை இழுத்தால் உன் வீட்டுக் கூரை உன் தலைக்குத் தொப்பியாகும்! அவன் தும்மியபோது தீவுகள் கண்டத்திலிருந்து பிரிந்தன! அவன் குறட்டையைக் கேட்டு..." நின்றது.

"குறட்டையைக் கேட்டு எரிமலைகள் எழுந்து மன்னிப்புக் கேட்டன என்பாய்! அதுவும் பொய்! பத்து வயதில் பள்ளிக்கூடத்தை விழுங்கினேன் என்றாயே, அந்த வாத்தியாரை என்ன செய்தாய்? சொல்! நாக்கு எங்கே?"

"வாத்தியாரையா?" எவரார்ட் இப்போது நிமிர்ந்துவிட்டார். "பல்லிடுக்கில் வைத்திருக்கிறேன்! நான் வாய் திறக்கும்போது காது கொடுத்துக் கேள், இன்னும் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்!"

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. நல்ல சிரிப்பு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபத்தாறு வருஷம் எதிரே நின்று கேட்டதெல்லாம் இந்த மனுஷனுக்கு மனப்பாடம். திட்டுகிற மாதிரி திட்டி, ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கியைப் பின்னாலிருந்து இழுத்தேன்.

"என்ன பண்ற நீ? அவருக்கா எடுத்துக் குடுக்கற?"

"சும்மா இரு," என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு. "இவனையா நான் ஜெயிக்கணும்? இவனைக் கமலா ஜெயிப்பா. அந்தப் பழைய ஆளு வரட்டும். அந்தாளு வந்தப்புறம் பாத்துக்கறேன்."

இன்னும் மூன்று நாலு தடவை அப்படி நடந்தது. இவர் குத்துவார், அவர் பிடித்துக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் எவரார்ட் கொஞ்சம் அதிக தூரம் தனியாகப் போனார். நடுவில் ஒரு முறை தொப்பியைச் சாய்த்து, அந்தப் பழைய கேலிச் சிரிப்பைச் சிரித்தார். லென்னார்ட் அதற்குத்தான் காத்திருந்தார் போல. துப்பாக்கியை இடுப்பில் செருகிவிட்டு இரண்டு கையையும் விரித்தார்.

"இப்போது கேள், பல்லிடுக்குப் பிசாசே! நான் சூரியனைப் பின் சீட்டில் கட்டிப்போட்டு ஓட்டுகிறவன்! என் வண்டியில் ஏறியவன் இறங்கும் இடம் நரகத்தின் கடைசி ஸ்டாப்! காலையில் மரணத்தை ஏற்றிப் போகிறேன், மாலையில் அதே மரணத்தைத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறேன். அது என் கையைப் பிடித்துக்கொண்டு, 'ஐயா, எனக்குக் களைப்பாக இருக்கிறதே, உமக்கு இல்லையா' என்று அழுகிறது. களைப்பா? களைப்பைக் கொன்று, தோலை உரித்து, அதில் தைத்த அங்கி இது! நாற்பது ராஜாக்களின் தூக்கத்தைக் கொள்ளையடித்தேன், ஒரு கொட்டாவியைக்கூட மிச்சம் வைக்கவில்லை! கடலின் உப்பைத் திருடினேன், அது இன்று சப்பென்று கிடக்கிறது! காலத்தின் சட்டைப்பையில் கைவிட்டு நாளைய தினத்தை எடுத்தேன்! இனி உனக்கு நாளை இல்லை, கிழவா! தொப்பியைக் கழற்று!"

அப்படி ஒரு சத்தம் நான் அந்த முக்கில் கேட்டதில்லை. கமலா பாத்திர மூடியைப் போட்டுத் தட்டினாள். ஆட்கள் திண்டிலிருந்து குதித்தார்கள். என் மனுஷன் பேசியதிலேயே சிறந்த பேச்சு அதுதான். அவ்வளவு அசதியிலிருந்து எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். தண்ணீர் பாட்டிலைக்கூடத் திறந்துவிட்டேன்.

ஜாய்லின் முன்னால் ஒரு அடி வைத்தாள். எவரார்ட் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். பேச ஆரம்பித்தபோது கத்தவில்லை. கூட்டம் அடங்கித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"கொள்ளையனே, சூரியனைத் திருடினாய். கடலின் உப்பைத் திருடினாய். நல்லது, கெட்டிக்காரன். ஒரு நாள் என் வீட்டுக்கு வா. அங்கே ஒரு திருடன் தினமும் வருகிறான். கதவு பூட்டியிருந்தாலும் வருகிறான். முதலில் சாவியை எடுத்தான். அப்புறம் என் தெருவின் பெயரை எடுத்தான். என் மனைவியின் முகத்தை விட்டுவிட்டு அவள் குரலை மட்டும் எடுத்துப் போனான். போன வாரம் என் பெயரில் பாதியை எடுத்துவிட்டான். நீ நாளைய தினத்தைத் திருடினாய். அவன் என் நேற்றுகளை மூட்டை மூட்டையாகத் தூக்கிப் போகிறான். அவனுக்கு முன்னால் நீ கோழி திருடுகிறவன்! அவனோடு ஒண்டியாக, ஆயுதம் இல்லாமல், ஒவ்வொரு காலையும் சண்டை போடுகிறவன் நான்! தோற்பேன் என்று தெரிந்தும் எழுந்து போகிறவன் நான்! இப்போது நீ கழற்று, தொப்பியை!"

தூரத்தில் பாட்டு லாரி ஒன்று போகிற சத்தம் மட்டும் தரையில் அதிர்ந்தது. இருபத்தாறு வருஷத்தில் எவரார்ட் சொல்லாத பேச்சு அது. அந்த இடத்தில் நின்றபடி கட்டியது.

லென்னார்ட் இரண்டு கையாலும் தொப்பியைத் தூக்கினார். நெற்றியில் தொப்பியின் கம்பி பதிந்த சிவப்புக் கோடு. தொப்பியை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நகர்ந்தார். எவரார்ட் விசிலை ஊதிக்கொண்டு, ஒரு பூட்ஸும் ஒரு செருப்புமாக, அவரைத் தாண்டிப் போனார். அப்புறம்தான் சனம் கத்தியது. ரம் கடைப் பக்கம் கீறல் விழுந்த ரெக்கார்டு என்று கத்தியவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மாமர நிழலில் ஜாய்லின் அப்பாவை ஒரு பெட்டிமேல் உட்காரவைத்து மரப்பட்டை ஊறவைத்த மாபி குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் அந்த வழியாகத்தான் போக வேண்டும். எவரார்ட் எங்களை நிமிர்ந்து பார்த்தார். மரியாதையாகத் தலையசைத்தார், தெரியாதவர்களுக்கு அசைக்கிற மாதிரி.

"முக்குக்கு நேரமாச்சா?" என்று மகளிடம் கேட்டார். "லென்னார்ட் வந்துட்டானா? அவனை இன்னிக்கு ஒரு கை பாக்கணும்."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற லென்னார்ட்தான் பதில் சொன்னார்.

"அவன் வரலீங்க. நீங்க வர்றீங்கன்னு கேள்விப்பட்டு பயந்து ஓடிட்டான்."

எவரார்டுக்கு அவ்வளவு சந்தோஷம். தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "ஓடுவான், ஓடுவான். நல்ல பையன்தான், ஆனா மூச்சு பத்தாது."

ஜாய்லின் எழுந்து லென்னார்டின் கையைப் பிடித்தாள். "மாமா, நீங்க மட்டும் இல்லேன்னா..."

"அதெல்லாம் சொல்லாதம்மா. உங்கப்பாவைக் காப்பாத்தவா வந்தேன்? நான் ஜெயிக்கத்தான் பாத்தேன்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார். "நல்லா பேசினேன் வேற."

அவள் என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

வீட்டுக்குப் போகிற வழியில் தொப்பியை நான் வாங்கிக்கொண்டேன். பாதி தூரம் போனதும் சொல்லிவிட்டேன். சந்தை, சேம்பு இலை, ஜாய்லின் கேட்டது, எல்லாம். அவர் நின்றார்.

"சனிக்கிழமையே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் என்னை அனுப்பி வச்ச."

"ஆமா."

"ஏன்?"

"ஒரு தடவையாவது நீ ஜெயிக்கட்டும்னு. இல்ல, தையல் ஓயட்டும்னு. எதுன்னு எனக்கே தெரியலய்யா. அசந்து போயிருந்தேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நடக்க ஆரம்பித்தார், எனக்கு நாலு அடி முன்னால். வீட்டில் அங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தவர், செவ்வாய்க்கிழமை இரண்டு தெரு தள்ளி ஊரே ஆடிக்கொண்டு போனபோதும் எழவில்லை. நான் அங்கியிலிருந்த நீலச் சாயத்தைத் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தேன். போகவில்லை. கையில்தான் ஒட்டியது.

சாம்பல் புதன்கிழமை கோயிலுக்குப் போய் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்தோம். கடற்கரைக்குப் போகிற சனத்துக்காக அன்றைக்கும் வண்டி எடுக்க வேண்டும். வாசலில் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, திங்கட்கிழமைக்கு அப்புறம் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"நீ சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டேன். நான் போகலேன்னா அந்தாளு அதைச் சொல்லியிருக்கவே மாட்டான்."

என்னை மன்னிக்கிறாரா, குத்திக் காட்டுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். தூக்கம் போதாத முகம், அவ்வளவுதான் தெரிந்தது. "பொரிச்ச ரொட்டியும் கருவாடும் கட்டி வச்சிருக்கேன்," என்றேன். வாங்கிக்கொண்டு போனார்.

அதற்கப்புறம் அவர் வேஷம் கட்டவில்லை. எவரார்டும்தான். அவர் இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் லென்னார்ட் மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு அவரைப் பார்க்கப் போவார். நானும் சில தடவை கூடப் போயிருக்கிறேன். ஜாய்லின் எனக்கு நாற்காலி போடுவாள், பேச்சு அதிகம் இருக்காது. எவரார்டுக்கு லென்னார்ட் யாரென்று தெரியாது. தண்ணீர்க் குழாய் பழுது பார்க்க வந்தவர் என்று நினைத்துக்கொண்டார். வந்ததும் வராததுமாகப் பின்கட்டுக்குக் கூட்டிப்போய், "இதுதான், ஒழுகிக்கிட்டே இருக்கு," என்று காட்டுவார். லென்னார்ட் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, குழாயைக் கழற்றி மறுபடி மாட்டுவார்.

"வாரத்துல ஒரு நாள்தான் உனக்கு ஓய்வு," என்று சண்டை போட்டேன் ஒரு நாள். "அந்தக் குழாய்ல ஒரு கோளாறும் இல்ல. எத்தனை தடவைதான் கழட்டி மாட்டுவ?"

"ஒழுகுதுங்கறாரு," என்றார் லென்னார்ட், வண்டியின் கருவிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு. "என்ன பண்ணச் சொல்ற?"